அதோ முகம் என்றால் எங்கே பார்ப்பது? யோகா வகுப்பின் வடமொழிப் பெயர்களைப் பிரித்துப் படிக்க ஒரு வழி

முதல் நாள் யோகா வகுப்பில் நான் செய்த முதல் காரியம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்ததுதான். ஆசிரியர் கணீரென்று "அதோ முக..." என்று ஆரம்பித்தார். எதையோ காட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாரும் கைகளை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலையைத் தொங்கவிட்டு நிற்க, நான் மட்டும் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது அதோ முக ஸ்வானாசனம். இந்த "அதோ" தமிழ் அதோ இல்லை, வடமொழி அதோ. கீழ்நோக்கி என்று பொருள். முகத்தைக் கீழே வைத்த நாய். அன்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: இந்தச் சொல் எனக்கு ஏற்கெனவே தெரியும். "அவன் பாடு அதோகதிதான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதோ + கதி, கீழே போகும் போக்கு.

யோகப் பெயர்களில் வரும் சொற்களில் பெரும்பாலானவை இப்படி எங்கேயாவது நம் பேச்சிலேயே ஒளிந்திருக்கின்றன. கோவில், பஞ்சாங்கம், வைத்தியம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர் என்று தேடினால் அகப்படும். அதனால் வடமொழி அகராதி வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒரு வகுப்பில் கேட்கிற இரண்டு பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, கீழே சொல்கிறபடி பிரித்துப் பாருங்கள்.

முதலில் வாலைப் பிடியுங்கள்

"ஆசனம்" எல்லாப் பெயருக்கும் வால். ஆஸ் என்ற வேருக்கு உட்காருதல் என்று பொருள். உட்காருகிற பலகையும் ஆசனம், உட்காருகிற விதமும் ஆசனம். நின்றுகொண்டும் தலைகீழாகவும் செய்வதற்கெல்லாம் ஏன் "உட்காருதல்" என்று பெயர் என்று கேட்டால், ஆரம்பத்தில் விஷயமே அதுதான். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி மூன்றே சூத்திரங்கள். அதில் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. "ஸ்திரசுகம் ஆசனம்" என்கிறார்: ஆடாமல், அதே நேரம் சுகமாக இருப்பது. ஸ்திரம், சுகம் இரண்டுக்கும் நமக்கு அகராதி தேவையில்லை. பிற்பாடு வந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது, கேரண்ட சம்ஹிதை 32. இன்று வகுப்பில் கேட்கிற பெயர்களில் பல அவற்றுக்கும் பிந்தியவை. எனவே பெயர் நீளமாக இருந்தால் ரொம்பப் பழசு என்று பயப்பட வேண்டாம்.

வாலை வெட்டிய பிறகு மிச்சத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். தமிழில் "மரப்பெட்டி" என்றால் பேச்சு பெட்டியைப் பற்றி. மரம் அதற்கு அடைமொழி. வடமொழித் தொகையிலும் பெரும்பாலும் முக்கியமான சொல் கடைசியில்தான் இருக்கும், அதற்கு முன்னால் ஒவ்வொன்றாக அடை சேரும்.

அப்புறம், ஒட்டிய இடத்தைப் பிரியுங்கள்

புதிதாக வருகிறவர்களைத் திணற வைப்பது இதுதான். பச்சிமோத்தானாசனம் என்று ஒரே மூச்சில் சொன்னால் எங்கே வெட்டுவது? பள்ளிக்கூட இலக்கணத்தில் தீர்க்க சந்தி, குண சந்தி, விருத்தி சந்தி என்று மனப்பாடம் செய்தோமே, அதை இங்கேதான் எடுக்க வேண்டும். மறந்துபோனால் தெரிந்த பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய + உதயம் = சூரியோதயம். ஓ கேட்டால் உள்ளே ஓர் உ இருக்கலாம். அப்படியென்றால் பச்சிமோத்தான = பச்சிம + உத்தான.

ராஜ + இந்திரன் = ராஜேந்திரன். ஏ கேட்டால் இ இருக்கலாம். மத்ஸ்யேந்திர = மத்ஸ்ய + இந்திர.

அ + ஏ = ஐ ஆகும். "முகைகபாத" என்று ஒரு பயங்கரம் வரும். அது வெறும் முக + ஏக + பாத.

சவ + ஆசனம் = சவாசனம் போன்றவை தானாகவே விளங்கும்.

திசையும் பக்கமும்

இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம், பலன் உண்டு. பச்சிம என்றால் மேற்கு. கால் நீட்டி உட்கார்ந்து குனிகிற ஆசனத்தில் மேற்கு எங்கிருந்து வந்தது? கிழக்கே பார்த்து உட்கார்ந்து பாருங்கள். முன்பக்கம் கிழக்கு, முதுகு மேற்கு. பச்சிமோத்தானாசனம் = முதுகுப்பக்கம் முழுவதையும் நன்றாக நீட்டுவது. அதற்கு மாற்றாகச் செய்வது பூர்வோத்தானாசனம். பூர்வ என்றால் கிழக்கு, முன்பக்கம். உட்கார்ந்த இடத்தை மாற்றாமலே இன்னொன்றும் கண்டுபிடிக்கலாம்: இப்போது உங்கள் வலதுகை இருப்பது தெற்கில். தட்சிண என்ற ஒரே சொல் வலதையும் தெற்கையும் குறிப்பது இதனால்தான். தட்சிணாமூர்த்தி தெற்கே பார்க்கிறார். பிரதட்சிணம் என்றால் சாமியை வலதுகைப் பக்கம் வைத்துச் சுற்றுவது.

ஊர்த்வ என்றால் மேல்நோக்கி. திருவாலங்காட்டில் நடராஜர் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுவது ஊர்த்துவ தாண்டவம். ஊர்த்வ வந்தால் கையோ காலோ முகமோ ஏதாவது ஒன்று மேலே போகிறது.

பார்ஸ்வ என்றால் பக்கவாட்டு. பாரிசவாயு என்று வைத்தியர்கள் சொல்வார்களே, ஒரு பக்கம் விழுந்துபோவது, அந்தப் பாரிசம்தான் இது. பரிவ்ருத்த என்றால் திருப்பிய, முறுக்கிய. பரி என்பதற்குச் சுற்றிலும் என்று பொருள், பரிவார தெய்வங்கள் மூலவரைச் சுற்றி இருப்பதுபோல. வகுப்பில் பரிவ்ருத்த கேட்டதும் முதுகு முறுக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சுப்த என்றால் படுத்த, உறங்கிய. உபவிஷ்ட உட்கார்ந்த. உத்தித எழும்பிய, நீட்டிய. உத்தான நன்றாக இழுத்து நீட்டிய. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் கிடையாது. இரண்டிலும் "நீட்டு" என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறு வந்துவிடாது.

எண்கள் சுலபம். ஏக ஒன்று, த்வி இரண்டு, த்ரி மூன்று, சதுர் நான்கு, அஷ்ட எட்டு. த்ரிகோணாசனம் முக்கோணம். சதுரங்க தண்டாசனம் என்றால் நான்கு உறுப்புகளின்மேல் தடிபோல் நிற்பது. சதுரங்க ஆட்டத்தில் யானை, தேர், குதிரை, காலாள் என்று படைக்கு நான்கு உறுப்பு. இங்கே இரண்டு கை, இரண்டு கால். தண்டம் என்றால் கோல். "தண்டம்" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் இந்த ஆசனத்தில் பத்து நொடி நின்றுவிட்டு மேலே பேசலாம்.

உடம்பின் பகுதிகள்

பாதம், முகம், சிரசு எல்லாம் தெரிந்தவை. ஹஸ்த என்றால் கை; நம் அஸ்த நட்சத்திரம். கர்ண என்றால் காது. காதுக்குக் கொடுமையான பாட்டைக் கர்ணகடூரம் என்கிறோம். அங்குஷ்ட என்றால் கட்டைவிரல், காலிலானாலும் கையிலானாலும். சர்வாங்க, முழு உடம்பு. சர்வாங்க சவரம் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது ஜானு. ஜானு சிரசாசனம் என்றதும் ஏதோ ஜானகியின் செல்லப் பெயர் மாதிரி இருந்தது. ஜானு என்றால் முழங்கால். நெட்டையான, திடமான ஆளை "ஆஜானுபாகு" என்கிறோமே, அதைப் பிரித்துப் பாருங்கள்: ஆ + ஜானு + பாகு. ஆ, வரைக்கும். ஜானு, முழங்கால். பாகு, கை. முழங்கால் வரை கை நீண்டவன். எனக்குத் தெரிந்து வடமொழிப் பாடம் மூன்றை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பது இதுதான். ஜானு சிரசாசனத்தில் முழங்காலும் தலையும் சேர வேண்டும். என் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருக்கிறது.

இப்போது ஒரு நீளமான பெயரைக் கையில் எடுப்போம்: உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம். வாலை எடுங்கள்: உத்தித ஹஸ்த பாதாங்குஷ்ட. ஒட்டைப் பிரியுங்கள்: உத்தித, ஹஸ்த, பாத, அங்குஷ்ட. கடைசியிலிருந்து வாருங்கள்: கட்டைவிரல், எதன் கட்டைவிரல், பாதத்தின். அதோடு கை. நீட்டிய நிலை. ஆக, கையால் கால் கட்டைவிரலைப் பிடித்து, காலை நீட்டி நிற்பது. ஆசிரியர் செய்துகாட்டும் முன்பே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. சுவர் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

விலங்கும் பொருளும்

இந்தப் பகுதி விளையாட்டு. மயூர, மயில். குக்குட, சேவல். கூர்ம, ஆமை. மத்ஸ்ய, மீன் (மச்சாவதாரம்). உஷ்ட்ர, ஒட்டகம். சலப, வெட்டுக்கிளி. விருட்ச, தலவிருட்சத்தில் வருவது. தனுர், வில், மார்கழியைத் தனுர் மாதம் என்கிறோம். ஹல, கலப்பை. கோமுக, பசுவின் முகம். கருவறையின் வடபுறம் அபிஷேகத் தண்ணீர் வெளியே வருகிற கோமுகி அது. சேதுபந்தாசனம் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சேது, பாலம், பந்தம், கட்டுதல். உடம்பை வளைத்துப் பாலம் கட்டுகிறோம்.

வஜ்ராசனத்தில் வருவது இந்திரனின் வஜ்ராயுதம். வைரத்துக்கும் அதே பெயர். தச்சர்கள் மரம் ஒட்டுகிற வச்சிரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தபோது, அதுவும் பொருத்தம்தான் என்று தோன்றியது.

தமிழ் எழுத்து வைக்கும் பொறி

மேலே சொன்ன முறையில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. வடமொழியில் க, ச, ட, த, ப என்ற ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துகள். நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான் (க்ரந்த எழுத்து ஜ தவிர). எனவே வேறு வேறு சொற்கள் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும். அதன்மேல் தமிழ்ச் சொல்லும் வந்து குழப்பும்.

பத்த கோணாசனம். எங்கள் வகுப்பில் ஒருவர் பத்துக் கோணம் என்றே நினைத்து, முழங்கால், முழங்கை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுக்கு மேல் வரவில்லையாம். இந்தப் பத்த என்றால் கட்டப்பட்ட. பந்தம் என்ற சொல்லின் உறவு. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் பெத்தநிலை, முத்திநிலை என்பார்கள். பெத்தம் கட்டுண்டது, முத்தி விடுபட்டது. ஆசனப் பெயர்களிலும் அதே ஜோடி, பத்த, முக்த. வீரபத்ராசனத்தில் வருவது இது இல்லை. அது பத்ர, மங்கலமான. பத்மாசனத்துப் பத்ம தாமரை.

பவன முக்தாசனம். ஓட்டல் பெயரில் வரும் பவன் வேறு, அது மாளிகை. இந்தப் பவன என்றால் காற்று. முக்த, விடுவித்தல். மல்லாந்து படுத்து முழங்கால்களை வயிற்றோடு அணைக்கிற ஆசனம். எந்தக் காற்று விடுபடுகிறது என்று விளக்க வேண்டாம். வகுப்பில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது எழுதாத சட்டம்.

கபாலபாதி. பாதி மண்டை இல்லை. கபாலம் மண்டையோடுதான், ஆனால் பாதி என்பது இங்கே ஒளிர்வது. பானு, பிரபா எல்லாம் அந்த ஒளி வேரில் முளைத்தவை. மண்டையைத் துலங்க வைப்பது என்று பொருள்.

அர்த்த என்று வந்தால் அர்த்தநாரீசுவரரை நினையுங்கள், அகராதி அர்த்தத்தை அல்ல. அதாவது பாதி. (பாதி வேண்டிய இடத்தில் அர்த்த என்கிறார்கள், பாதி என்று கேட்கும் இடத்தில் ஒளி என்கிறார்கள். என்ன செய்வது.) கடி சக்ராசனத்தில் கடி என்பது இடுப்பு. புஜங்காசனத்தில் தோள் இல்லை, பாம்பு. புஜங்கம் என்றால் வளைந்து செல்வது. விபரீதகரணி என்றதும் ஒரு விபரீதமும் நடக்காது. வடமொழியில் விபரீதம் என்றால் தலைகீழ், அவ்வளவே. காலை மேலே வைத்துச் செய்வது. நமக்குத்தான் அந்தச் சொல் ஆபத்தாகிவிட்டது.

இவற்றுக்கு நோட்டில் எதிரே ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். கேள்விப்பட்ட தமிழ்ச் சொல்லை வைத்துப் பொருள் சொல்லும் முன், ஆசனத்தின் உருவத்தோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. ஒட்டவில்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதும் சில சமயம் ஊகம்தான், அது வேறு விஷயம்.

மூச்சுக்கான சொற்கள்

பிராணாயாமத்தைப் பிராண + யாமம் என்று பிரிக்கிறார்கள் சிலர். பிராண + ஆயாமம் என்பதே சரி. ஆயாமம் என்பதற்கு நீட்டுதல் என்றும் கட்டுப்படுத்துதல் என்றும் பொருள்.

பூரகம், கும்பகம், ரேசகம் மூன்றும் வகுப்பில் தினம் காதில் விழும். பூரகம் நிரப்புவது; கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணம் அதன் தங்கை. கும்பகம், குடம்போல் நிறைத்து வைத்திருப்பது, கும்பாபிஷேகத்துக் கும்பம். ரேசகம், காலி செய்வது. வைத்தியத்தில் பேதிக்கு விரேசனம் என்பார்கள், அதே வேர். இந்த மூன்று சொற்களும் தமிழுக்குப் புதிதல்ல. திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு 32 என்று கணக்கே கொடுக்கிறார். அதைப் படித்துவிட்டு நாளைக் காலையே 64 எண்ணத் தொடங்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சியைத் தாமாகத் தொடவே கூடாது.

அனுலோம விலோமம் என்ற பெயருக்குள் ஒரு சின்னப் படம் இருக்கிறது. லோமம் என்றால் ரோமம். அனுலோமம், முடி படிந்த திசையில் தடவுவது. விலோமம், எதிர்த்திசையில் தடவுவது. பூனையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மூச்சு ஒரு துளையில் போய் மறுதுளையில் வருவதற்கு அந்தப் பெயர். பிராமரி வண்டின் ரீங்காரம். பஸ்த்ரிகா கொல்லன் பட்டறைத் துருத்தி. சீதளி குளிர்ச்சி, சீதளம் என்கிறோம். உஜ்ஜாயியில் ஜெயம் இருக்கிறது.

சூரிய நமஸ்காரத்தில் பன்னிரண்டு பெயர்

மித்ராய நமஹ, ரவயே நமஹ, சூர்யாய நமஹ, பானவே நமஹ என்று போகும். நமஹ என்றால் வணக்கம். மற்றதெல்லாம் சூரியனின் பெயரோடு ஒரு "கு" சேர்ந்தது. தமிழில் நான்காம் வேற்றுமை உருபு கு. வடமொழியிலும் அது நான்காம் வேற்றுமைதான். அகரத்தில் முடியும் பெயர் ஆய ஆகும்: சூர்ய, சூர்யாய, அதாவது சூரியனுக்கு. இகரம் அயே ஆகும்: ரவி, ரவயே. உகரம் அவே: பானு, பானவே. நமச்சிவாய என்பதும் இதே அமைப்புதான். இது பிடிபட்டதும் பன்னிரண்டில் முக்கால்வாசி கையில் வந்துவிடும், ஏனென்றால் ரவி, பானு, ஆதித்யா, பாஸ்கர் எல்லாரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மித்ர என்றால் நண்பன். சுதேசமித்திரன் பத்திரிகையின் மித்திரன். ககாய மட்டும் காக்கையை நினைவூட்டும். முதல் க வானம், இரண்டாவது க செல்வது. வானில் செல்பவனுக்கு.

நடுவில் வரும் அஷ்டாங்க நமஸ்காரத்தில் இரண்டு பாதம், இரண்டு முழங்கால், இரண்டு கை, மார்பு, முகவாய் என்று எட்டு இடம் தரையில் படும். சாஷ்டாங்கமாக விழுவது என்கிறோமே, அது. பதஞ்சலியின் அஷ்டாங்க யோகம் இதில்லை. அங்கே எட்டு அங்கம் என்பது யமம், நியமத்தில் தொடங்கி சமாதி வரைக்கும். யமம் என்றால் அடக்கம், ஒழுக்கம். எமனோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பெயர் மாறும், பதற வேண்டாம்

ஒரு பள்ளியில் அதோ முக ஸ்வானாசனம் என்பது இன்னொன்றில் பர்வதாசனம், அதாவது மலை. நாயும் மலையும் ஒரே உருவம்தான். தாடாசனம் என்றால் சிலர் மலை என்பார்கள், பிகார் யோகப் பள்ளி வழியில் பனைமரம். முதல் வகையில் அசையாமல் நிற்பார்கள், இரண்டாவது வகையில் கைகளை உயர்த்திக் குதிகாலைத் தூக்குவார்கள். உத்கடாசனத்தை நாற்காலி என்று மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். உத்கட என்ற சொல்லில் நாற்காலி எங்கும் இல்லை, கடுமையான என்பதே பொருள். தொடையைக் கேட்டால் அதுவும் அதைத்தான் சொல்லும். புது வகுப்பில் சேரும்போது பெயரைக் கேட்டதும் செய்யத் தொடங்காமல், ஒரு சுற்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நோட்டில் ஒரே ஆசனத்துக்கு இரண்டு பெயர் எழுத இடம் விட்டு வையுங்கள். எழுத்துக்கூட்டலும் அப்படியே, விருட்சாசனம், விருக்ஷாசனம், வ்ருக்ஷாசனம் மூன்றும் ஒரே மரம்.

கடைசியில் செய்கிற சவாசனத்துக்கும் தமிழ்நாட்டில் இரண்டு பெயர். பிணம்போல் கிடப்பது என்று ஹடயோகப் பிரதீபிகையே சொல்கிறது. எங்கள் வகுப்பில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஆசிரியரிடம், "விளக்கு வைக்கிற நேரத்துல சவம் கிவம்னு சொல்லாதீங்க தம்பி" என்றார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரிம்மா, சாந்தியாசனம்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குச் சாந்தியாசனம்தான். விளக்கை அணைத்ததும் முதலில் குறட்டை விடுவது அந்தப் பாட்டிதான்.